சாரலில் கறுப்பது ஏன்?

குற்றால சீசனுக்குப் போய் வந்தவர்களைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "என்ன இப்படிக் கறுத்துப்போய் வந்திருக்க!" யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். ஜூன் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைப் பக்கம் இறங்கிவிட்டால் தென்காசி வட்டாரமே குளிர்ந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நனைந்து நிற்பவருக்கு வியர்வை மறந்தே போகும். ஆனாலும் இரண்டு மூன்று நாட்களில் நெற்றி, மூக்கு, கன்னத்து மேடு எல்லாம் கருக்கின்றன. கழுத்தில் பனியன் விளிம்பு நின்ற இடம் கோடு போட்டதுபோல் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியும் இதே வட்டாரத்தில் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் புழுங்கும் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு நாள் முழுக்க வியர்த்துக் கொட்டுகிறது. சீசன்காரர்களுக்கு வரும் கருமை அவருக்கு வருவதில்லை. வெப்பம்தான் தோலைக் கருக்கச் செய்கிறது என்றால் கணக்கு இப்படித் தலைகீழாக இருக்க முடியாது.

வெப்பம் வேறு, வெயில் செய்யும் கேடு வேறு என்பதை முதலில் தன் கையிலேயே சோதித்துப் பார்த்தவர் எவரார்ட் ஹோம் என்ற லண்டன் அறுவை மருத்துவர். கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். அப்படியிருக்க வெப்ப நாடுகளில் வாழும் மக்களுக்குக் கருந்தோல் எப்படிப் பாதுகாப்பாகிறது என்ற கேள்வி அவரை அரித்தது. நண்பகலில் இரண்டு புறங்கைகளையும் வெயிலில் காட்டினார். ஒன்று வெறும் கை. மற்றொன்றின் மேல் கறுப்புத் துணி. இரண்டிலும் வெப்பமானி வைத்தார். துணிக்குக் கீழேதான் சூடு அதிகமாகப் பதிவானது. ஆனால் வெந்து சிவந்தது வெறும் கை. துணி மூடிய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அதே முடிவு. 1821-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதை வெளியிட்டார். இதைவிட எளிமையான, இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை.

அப்படியானால் துணி தடுத்தது எதை? விடையின் ஒரு பாதி அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. 1801-ல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் ரிட்டர், வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை முப்பட்டகத்தின் நிறமாலையில் வைத்தார். வெளிச்சம் பட்டால் கருக்கும் தாள் அது. ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில்தான் தாள் வேகமாகக் கருத்தது. அங்கே விழுந்ததையே புறஊதாக் கதிர் என்கிறோம். 1889-ல் சுவீடன் நாட்டு மருத்துவர் எரிக் விட்மார்க் இரண்டு பாதிகளையும் இணைத்தார். மின்வில் விளக்கின் ஒளியை நீர் வழியே செலுத்தி வெப்பக் கதிரை வடிகட்டினார்; தோல் அப்போதும் வெந்தது. சாதாரணக் கண்ணாடி வழியே செலுத்திப் புறஊதாவை வடிகட்டியபோது தோல் பிழைத்தது.

நம் தோலில் சூட்டை உணரும் நரம்புகள் உண்டு. புறஊதாவை உணரும் நரம்பு கிடையாது. சித்திரை வெயிலில் தோல் சுடும், உடனே நிழலுக்கு ஓடுவோம். குற்றாலத்தில் அந்த எச்சரிக்கையைச் சாரலும் காற்றும் துடைத்துவிடுகின்றன. கதிர் மட்டும் குறையாமல் விழுகிறது.

எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும்: ஒன்று சித்திரை பிறப்பையொட்டி, மற்றொன்று ஆகஸ்ட் கடைசியில். அந்த நாட்களின் உச்சிப்பொழுதில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. சீசன் தொடங்கும் ஜூனிலும் உச்சிச் சூரியன் தலைக்கு மேலிருந்து 14, 15 பாகைதான் விலகியிருக்கிறது. சூரியன் நேராக நிற்க நிற்க, கதிர் கடந்துவரும் காற்றுமண்டலத்தின் தடிமன் குறையும். புறஊதாவை உறிஞ்சும் ஓசோனும் வெப்பமண்டலத்தின் மேல் குறைவுதான். ஆக, சாரல் காலம் என்பது நம் உடம்புக்கு மட்டும் குளிர்காலம். புறஊதாவின் கணக்கில் அது முழுக் கோடை.

மேகம் இருக்கிறதே என்று கேட்கலாம். கரிய, கனத்த மழைமேகம் நிறையவே தடுக்கும். சாரல் நேரத்து மேகம் அப்படியில்லை. விட்டு விட்டு ஓடுவது. மெல்லிய மேகத்தின் ஊடே 90 சதவீதத்துக்கும் மேலான புறஊதா கடந்துவரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளை மேகங்களின் ஓரத்தில் பட்டுச் சிதறும் ஒளி சேர்ந்துகொண்டால் சில நிமிடங்களுக்கு அளவு கூடவும் செய்யும். நிழலும் முழுக் காப்பில்லை. அலைநீளம் குறையக் குறைய ஒளி காற்றில் அதிகம் சிதறும். வானம் நீலமாக இருப்பதன் காரணமே அதுதான். நீலத்தைவிடப் புறஊதா இன்னும் அதிகம் சிதறுகிறது. நம்மேல் விழும் புறஊதாவில் கணிசமான பங்கு சூரியனிடமிருந்து நேரே வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. மரத்தடியில் நின்றாலும் வானம் விரிந்து தெரிகிறது என்றால் கதிரும் விழுகிறது. கடல்நுரை கால் பங்கு புறஊதாவைத் திருப்பி அனுப்பும் என்று அளந்திருக்கிறார்கள். அருவியடியில் பொங்கும் வெண்ணுரையும் அதே வகைதான்.

நனைந்த ஆடையையும் கவனிக்க வேண்டும். பருத்தி இழைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி அங்கே சிதறித் தடுக்கப்படுகிறது. நீர் புகுந்து அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் துணி ஒளியை உள்ளே விடத் தொடங்கும். நனைந்த வெள்ளை பனியன் ஊடே தோல் தெரிகிறதல்லவா? தெரிகிற அளவுக்கு ஒளி போய்வருகிறது என்றுதான் பொருள். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு நிற்பவர்களின் தோலிலும் இதே வேலை நடக்கிறது. தோலின் வறண்ட செதில்களுக்கு இடையிலுள்ள காற்றை எண்ணெய் நிரப்பிவிடும். காளாஞ்சகப் படை எனப்படும் சொரியாசிஸுக்குப் புறஊதா சிகிச்சை தரும் மருத்துவர்கள், கதிர் நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று படையின் மேல் எண்ணெய் தடவுவதுண்டு. எண்ணெய் உடம்புக்கு இதமாக இருக்கலாம்; வெயிலுக்குக் காப்பாக அதை நம்ப முடியாது.

இனி தோலுக்குள் நடப்பது. மேல்தோலின் அடித்தளத்தில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 சாதாரணத் தோல் செல்களுக்கு மெலனின் என்ற கருநிறமியைப் பொட்டலம் பொட்டலமாக வழங்குகிறது. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு பொட்டலங்களின் அளவிலும் எண்ணிக்கையிலும்தான். பொட்டலத்தை வாங்கிய தோல் செல் அதை எங்கே வைக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உட்கருவின் மேல்பக்கம், வெயிலைப் பார்த்த பக்கம் குவித்து வைக்கிறது. நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்கள் மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலைக்கும் முதுகுக்கும் போட்டுக்கொள்வார்களே, அப்படி. நனையாமல் காக்கவேண்டியது உட்கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவை.

இந்தக் கொங்காணியைப் போர்த்தச் சொல்லி உத்தரவிடுவது யார்? பாஸ்டன் நகரில் டேவிட் ஃபிஷர் குழுவினர் 2007-ல் அதைக் காட்டினார்கள். புறஊதா பட்டுத் தோல் செல்லின் டிஎன்ஏ சிதைந்ததும், பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பெயர்பெற்ற அதே புரதம்தான். அது ஒரு ஹார்மோனைச் சுரக்க வைக்க, அந்தச் செய்தி பக்கத்திலுள்ள நிறமிச் செல்லுக்குப் போய் மெலனின் உற்பத்தி தொடங்குகிறது. கறுப்பு ஏறுகிறது என்றால் உள்ளே ஏற்கெனவே அடி விழுந்துவிட்டது என்று பொருள். புது மெலனின் உருவாகி மேலே வந்துசேர இரண்டு மூன்று நாட்களாகும். சீசனுக்குப் போனவர் அங்கே இருக்கும்வரை கண்ணாடியில் ஒன்றும் பெரிதாகத் தெரியாமல், ஊர் திரும்பிய பின் கறுத்துத் தெரிவது இதனால்தான். வெயிலில் நின்ற அன்றே தெரிகிற லேசான கருமை வேறு வகை. இருக்கிற மெலனினே ஒளிபட்டு நிறம் மாறுவது. அது பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும்.

கருந்தோல் ஒரு குறை என்று இன்னும் நம் கல்யாணப் பேச்சுகளில் ஒலிப்பதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். தோலை வேகவைக்கும் குறுகிய அலை புறஊதாவில் வெள்ளைத் தோலின் மேலடுக்கு 24 சதவீதத்தை உள்ளே விட்டது, கருந்தோல் 7.4 சதவீதத்தை மட்டும். ஒன்பது பாகை வெயிலில் வாழ்வதற்கு ஏற்ற தோல் நம்முடையது. சீராக ஏறிய கறுப்பு சில வாரங்களில் தானே இறங்கும், அதற்கு மருந்து வேண்டாம்.

தொல்லை தருவது திட்டுத்திட்டாக ஏறும் கருமை. நிறமி நிறைய உண்டாக்கக்கூடிய தோலுக்கு இதில் ஒரு பாதகம் உண்டு: சீண்டினால் உடனே நிறமியைக் கொட்டும். பரு, கொசுக்கடி, சொறிந்த காயம், கரகரப்பான நாரால் அழுத்தித் தேய்த்த இடம் என்று எது அழற்சியானாலும் அங்கே கரும்புள்ளி விழும். நிறமி மேல்தோலோடு நின்றால், தோல் உதிர்ந்து புதுப்பிக்கும் ஓரிரு மாதங்களில் வெளிறத் தொடங்கும். அழற்சி கடுமையாகி நிறமி அடித்தோலுக்குள் சிந்திவிட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். கறையைப் போக்க என்று தேய்க்கத் தேய்க்கக் கறை கூடுவது இதனால்தான்.

கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்கு இன்னொரு வகை. கர்ப்பகாலமும் ஹார்மோன் மாத்திரைகளும் குடும்ப வாகும் அதற்கு நிலம் தயார் செய்கின்றன; ஒளி பட்டதும் அது படர்கிறது. மங்கு உள்ளவர்களுக்கு அடுப்பு வெக்கையும் ஆகாது என்று தோல் மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஆகவே வெப்பத்தை முற்றிலும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. மங்குக்காரர்கள் பலர் வெயில் கிரீமை ஒழுங்காகத் தடவியும் பலனில்லை என்று சொல்வதற்கு ஒரு காரணம் 2010-ல் தெரியவந்தது. டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியைத் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெளிர்ந்த தோலில் ஒன்றும் நடக்கவில்லை. நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் கருமை ஏறியது. அது நீண்ட அலை புறஊதா ஏற்றிய கருமையைவிட அடர்த்தியாக, வாரக்கணக்கில் நின்றது. பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர்கள், நிறமிச் செல்லில் ஆப்சின்-3 என்ற புரதம் நீல ஒளியை உணர்கிறது என்று கண்டறிந்தார்கள். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் புரதங்களுக்கு உறவுக்காரப் புரதம் அது. நிறமற்ற கிரீம் புறஊதாவைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் கிரீம் இரண்டையும் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

தென்காசி மாவட்டத்தில் இருந்துகொண்டு எலுமிச்சையைப் பேசாமல் இருக்க முடியாது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றது. கறுத்த முகத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவும் வழக்கமும் எங்கும் உண்டு. சாறு பட்ட தோலோடு வெயிலில் இறங்குவது ஆபத்து. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் சோரலென் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. நீண்ட அலை புறஊதா பட்டதும் இவை டிஎன்ஏவோடு பிணைந்து தோலை வேகவைத்துவிடும். எரிச்சலும் கொப்புளமும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சமடையும் என்பதால் எலுமிச்சையின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பின் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சோரலென் நமக்குப் புதிதல்ல. வெண்புள்ளிக்கு நாட்டு வைத்தியத்தில் வழங்கும் கார்போகரிசியின் வீரியம் இதே பொருள்தான். வெளுத்த இடத்தில் நிறத்தை வரவைக்கத்தான் அதை வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். கறுப்பை வரவைக்கும் மருந்தின் இனத்தைக் கறுப்பைப் போக்கத் தடவுகிறோம். எலுமிச்சையைப் பிழிந்து குடியுங்கள், முகத்தில் வேண்டாம்.

தடுக்கும் வழிகளில் முதலிடம் துணிக்கு. நூறு நாள் வேலையிலும் வயல்வேலையிலும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்களே, எந்தக் கிரீமும் அதற்கு ஈடாகாது. நெருக்க நெய்த, அடர் நிறத் துணி சிறந்தது. அருவியில் நனைந்து முடித்ததும் ஈர ஆடையோடு வெயிலில் உலாவாமல் உலர்ந்ததை மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது நேரம். இந்தியக் கடிகாரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தென்காசி அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உண்மையான உச்சி ஏறத்தாழ 12.20-க்கு வருகிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புறஊதா வலுத்த நேரம். சீசன் மாதங்களில் அது ஏறத்தாழ காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்றே கால் வரை. குளியலை விடியலிலோ மாலையிலோ வைத்துக்கொண்டால் கூட்டமும் குறைவு, கதிரும் குறைவு. பேருந்தில் ஜன்னலோரம் வருபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: சாதாரணக் கண்ணாடி குறுகிய அலையைத்தான் தடுக்கும், நீண்ட அலை புறஊதாவில் பெரும்பகுதி கடந்துவரும். தோல் வேகாது, கறுக்கும்.

கிரீம் துணி மூடாத இடத்துக்கு. எஸ்பிஎஃப் 30 என்றால் வேகவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் தடவிச் சோதித்த எண் அது. நம்மில் பலர் பொட்டு அளவு எடுத்து முகம் முழுக்க இழுக்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கியெடுத்தால்தான் அட்டையில் போட்ட எண் கிடைக்கும். எஸ்பிஎஃப் எண்ணோடு, நீண்ட அலைக்கான பிஏ குறியில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். அருவியில் நின்று வந்தால் உடனே தடவ வேண்டும், தண்ணீரில் நிற்கும் என்று எழுதியிருந்தாலும் சரி.

வெயிலைவிட எனக்குக் கவலை தருவது மருந்துக் கடைகளில் கேட்டதும் கிடைக்கும் சிவப்பழகுக் கிரீம்களும் 'மூன்று மருந்து' டியூப்களும்தான். மங்குக்கு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த கலவையை ஆல்பர்ட் கிளிக்மன் 1975-ல் அறிமுகப்படுத்தினார். மருத்துவர் பார்வையில், சில வாரங்களுக்கு, இரவில் மட்டும் தடவ வேண்டிய மருந்து அது. இங்கே அதன் வழித்தோன்றல்களை முகப்பூச்சாக ஆண்டுக்கணக்கில் தடவுகிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, சிவந்த ரத்தக்குழாய்கள் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் எரிச்சலும் முன்னைவிட அடர்ந்த கருமையும் வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் தொல்லையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

கணவாய்க்கு அப்பால், கேரளத்தின் கோட்டக்கல்லில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் அங்குள்ள மருத்துவமனைக்கு வந்தார்கள். 15 பேருக்கு நோய் அரிதான ஒரு வகையில் இருந்தது. அவர்களில் 13 பேர் தோலை வெளுக்கவைக்கும் கிரீம் தடவியவர்கள். கிரீமில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைப் பாதரசம் முடக்கும். அதனால்தான் தோல் வெளுக்கிறது. தோல் வழியே அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் தாக்குகிறது. தடவுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

எல்லாக் கருமையும் வெயிலால் வருவதில்லை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கோடையில் மார்பிலும் முதுகிலும் வெளிர்ந்து தெரியும் தேமல், தோலில் வாழும் ஈஸ்ட்டின் வேலை. அந்த ஈஸ்ட்டை ஆராய்ந்த இத்தாலியர்கள் 1978-ல் அதிலிருந்து அசெலாயிக் அமிலத்தை அடையாளம் கண்டார்கள். இன்று மங்குக்குத் தரும் மென்மையான மருந்துகளில் அதுவும் ஒன்று. உணர்ச்சியற்ற திட்டு, வடிவம் மாறிக்கொண்டே வரும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பரவும் கருமை என்றால் காத்திருக்கவே கூடாது.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில், ஊர்க்காரர்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை முகத்தில் தடவிய டியூப், டப்பா எல்லாவற்றையும் பெட்டியோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.